பூசணிக்காய்க்கு ஒரு கார் சீட்

பார்சல் அலுவலகத்தில் அவனை எல்லோரும் கிலோ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் யார் கண்ணிலும் படாமல் பத்திரமாக இருந்தது.

கவுண்டரில் யாராவது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், கிலோ அதை நேரே தராசுக்கு அனுப்ப மாட்டான். முதலில் தானே ஒருமுறை தூக்குவான். தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். "நாலு கிலோ முன்னூறு" என்பான். தராசு பிறகு வந்து ஆமாம் போடும். அந்தக் கிளையில் அவனோடு தேநீருக்குப் பந்தயம் கட்டுவதை எல்லோரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

கண்ணை ஏன் மூட வேண்டும் என்று புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒரு நாள் கேட்டார்.

"கண்ணு பொய் சொல்லும் சார். பெரிய பெட்டியைப் பாத்தா கை முன்னாடியே பயந்துடும்" என்றான் கிலோ.

பெட்டியைப் பற்றிப் புகார் சொல்லும் வாடிக்கையாளர்கள் தினமும் வருவார்கள். "உள்ள ஒண்ணுமே இல்லைங்க, பெட்டிதான் கனம், கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்பார்கள். அவர்களுக்கென்று அவனிடம் ஒரே பதில் தயாராக இருந்தது. "பெட்டி மேல பழி போடாதீங்க. உள்ள இருக்கறதுதான் கனம்." இந்தப் பதிலை நீங்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் வந்த வினைதான் இத்தனையும்.

கிலோ அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். படித்தது இயற்பியல். இயற்பியல் என்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனாலேயே அதற்குள் எல்லாம் அடக்கம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மிக்ஸி ஓடவில்லையா, கிலோவைக் கூப்பிடு. மாத்திரை அட்டையில் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருக்கிறதா, கிலோவிடம் காட்டு. சித்தப்பாவின் முழங்கால் ஏன் வலிக்கிறது என்பதற்குக்கூட அவனிடம்தான் விளக்கம் கேட்டார்கள். அவனும் ஏதோ சொல்லி வைத்தான். தெரியாது என்று சொன்னால், அப்புறம் எதற்குடா காலேஜுக்குப் போனாய் என்ற அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவனிடமும் பதில் கிடையாது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கும்போதெல்லாம் அவனே அதைத் தன்னிடம் கேட்டுப் பார்ப்பான். இறங்கும் இடம் வந்துவிடும், பதில் வராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிறை வேறு எடை வேறு என்று ஒரு வாடிக்கையாளருக்கு விளக்கத் தொடங்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்துக் கவுண்டருக்குப் போய்விட்டார். அதோடு அவன் படிப்பைப் பூட்டி வைத்தான்.

அக்காவுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பூட்டு திறந்தது.

அக்கா மருந்துக்கடையில் பில் போடுகிறவள். அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கும் தனி பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஊர் சுற்றுவது அவர் தொழில். அந்தக் கால் வீட்டிலும் ஓய்வதில்லை. டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால் சோபாவிலிருந்தபடியே தரையை அழுத்துவார். தரைவிரிப்பில் அந்த ஒரு இடம் மட்டும் தேய்ந்து போயிருந்தது.

அவர்கள் வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் கிடையாது. தெருவோ மிகவும் குறுகல். டிரைவிங் ஸ்கூல் காரைத்தான் அத்தான் சொந்தக் காரியத்துக்கும் ஓட்டுவார். அதை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு மேலே வந்தால், பின்னால் நிற்கும் வண்டிகள் அவருடைய பரம்பரையையே ஹாரன் அடித்துக் கூப்பிடும். அதனால் எங்கே போவதானாலும் அவர் முனையில் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பார். அக்காதான் சாமான்களோடு இறங்கி வருவாள். குழந்தை பிறந்த பிறகும் அப்படித்தான்.

பிறந்த குழந்தையைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது, அதற்கென்று இருக்கும் சீட்டில்தான் கட்டி வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"கூடை மாதிரி கைப்பிடி வெச்சு வருதாம்டா. குழந்தையை வீட்டுலயே அதுல வெச்சு, அப்படியே தூக்கிட்டுப் போய் கார்ல மாட்டலாமாம்" என்றாள் அக்கா. "நீதான் படிச்சவன். நீ பாத்து வாங்கு. ஒண்ணே ஒண்ணு, கனமில்லாம இருக்கணும்."

"எவ்வளவு கனம் வரைக்கும் பரவாயில்லை?"

அத்தான் குளியலறையில் இருக்கிறாரா என்று அக்கா தண்ணீர்ச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு வலது கையை நீட்டி மணிக்கட்டைக் காட்டினாள்.

"இது உனக்குத் தெரியும்ல. சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்தது. கோணலா ஒட்டிடுச்சு. இப்ப ஒரு குடம் தண்ணி தூக்கினாக்கூட பாதி வழியில தானா விட்டுடுது. குழந்தையோட படி இறங்கும்போது அப்படி விட்டுட்டா?"

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது. நீ இறகு மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்துடு, போதும்."

கிலோ தலையாட்டினான். சொன்னால் வெட்கம், அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எடை அவன் தொழில். இயற்பியல் அவன் படிப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு வேலைக்கு அவனைக் கூப்பிடுவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இதையும் சொதப்பினால் அப்புறம் அவன் எதற்கு?

குழந்தைகள் சாமான் கடைக்கு அத்தானும் கூட வந்தார். கார் சீட்டுகள் ஒரு சுவர் முழுக்க வரிசையாக இருந்தன. கிலோ வரிசையின் ஒரு முனையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கத் தொடங்கினான்.

"சாருக்கு உடம்புக்கு ஏதாவது..." என்று அத்தானிடம் மெதுவாகக் கேட்டாள் விற்பனைப் பெண்.

"ஒண்ணுமில்லைம்மா. படிச்ச பையன்" என்றார் அத்தான்.

நாலு கிலோ. நாலரை. மூன்றே முக்கால். வரிசை முடிகிற இடத்தில் அவன் கை ஒன்றைத் தூக்கியது. அது கையோடு தலைக்கு மேலே வந்துவிட்டது. முழுசாக ஒரு கிலோகூட இல்லை. கிலோவின் மூடிய கண்ணுக்குள் அக்கா நான்கு மாடியும் துள்ளிக் குதித்து இறங்கி வந்தாள்.

"இதுதான்" என்றான். "பில் போடுங்க."

"சார், அது பொம்மைக்கு."

"பொம்மைக்குன்னா?"

"சின்னப் பிள்ளைங்க பொம்மையை உக்கார வெச்சு விளையாடறது சார். உண்மையான சீட்டெல்லாம் இந்தத் தூணோட முடிஞ்சு போச்சு."

கிலோ கண்ணைத் திறந்தான். கையில் இருந்த சீட்டில் முயல் படம் போட்டிருந்தது. அவன் முகத்தில் வழிந்த அசட்டைத் துடைக்க அந்தக் கடையில் துணி போதாது.

"என் பிள்ளையை பிளாஸ்டிக்னு நினைச்சிட்டியா மாப்ள?" என்றார் அத்தான்.

கடைசியில் இரண்டு சீட்டுகள் மிஞ்சின. ஒன்று சாம்பல் நிறம், மெத்தை தடிமனாக, கொஞ்சம் கனம். இன்னொன்று நீலம், அதைவிட ஒரு கிலோ குறைவு. இரண்டுமே பாதுகாப்புச் சோதனையில் தேறியவைதான் என்று முத்திரையைக் காட்டினாள் அந்தப் பெண். குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்காரும் மாதிரிதான் இரண்டையும் பொருத்த வேண்டும் என்றாள். அத்தான் சாம்பல் நிறத்தைத் தடவிக் கொடுத்து, "இது மெத்துனு இருக்கே" என்றார்.

"நீலம்தான்" என்றான் கிலோ.

"ஏன் மாப்ள, ஒரு கிலோல என்ன குடியா முழுகிடும்?"

ஏன் என்று சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் அக்காவின் ரகசியம் வெளியே விழுந்துவிடும். அதனால் புவியீர்ப்பைப் பற்றி ஏதோ சொன்னான். படிப்புச் சம்பந்தப்பட்டது என்று தெரிந்ததும் அத்தான் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்.

நீலமும் அவனுக்குத் திருப்தியாக இல்லை. "இந்தத் தலையணையை எடுத்துட்டா இன்னும் குறையுமே?" என்றான்.

"அது குழந்தை கழுத்துக்கு சார். எடுக்கக் கூடாது."

"மேல குடை மாதிரி இருக்கே, அது?"

"அதை எடுக்கலாம். வெயிலை யார் எடுப்பா?"

குடையோடு வாங்கினான்.

ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அந்த வாரத்துக்குள் சீட்டைப் படியில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று கிலோ தீர்மானித்தான். வெறும் சீட்டோடு ஏறி இறங்கினால் அது சோதனை ஆகாது. உள்ளே வைக்க ஒரு குழந்தை வேண்டும். அதற்காகக் காய்கறிக் கடைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு பூசணிக்காய்களைத் தூக்கினான்.

"கண்ணைத் திறந்து பாருங்க சார். அடியில அழுகியிருந்தா அப்புறம் என்னைத் திட்டுவீங்க" என்றார் கடைக்காரர்.

"எனக்கு மூணு கிலோ இருக்கணும். கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை."

"வீட்டுல எத்தனை பேர்?"

"ஒரு குழந்தைக்குதான்."

"என்ன வயசு?"

"இன்னும் பொறக்கலை."

கடைக்காரர் சில்லறையைத் தூரத்திலிருந்தே நீட்டினார்.

பூசணிக்காயைச் சீட்டில் வைத்து, பெல்ட்டைப் போட்டு, உருளாமல் இருக்க ஒரு துண்டைச் சுற்றி, கிலோ நான்கு மாடி ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாமல் இப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடியாது. இரண்டாவது மாடியில் ஒரு அம்மா இருந்தார். அவர் வீட்டுக் கதவு மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கை நுழையும் அளவு திறந்தே இருக்கும். கட்டடத்துக்கு வேண்டிய செய்தியெல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகும், வெளியே வரும்.

மூன்றாவது தடவை இறங்கும்போது கதவு முழுசாகத் திறந்தது.

"பொறந்தாச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேப்பா."

"இல்லைங்கம்மா, இது வந்து..."

"உஷ். தூங்குது பாரு." அந்த அம்மா விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் துண்டை மெல்ல விலக்கினார். பார்த்தார். நன்றாகக் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு துண்டை இருந்தபடியே மூடிவிட்டார்.

"அப்படியே அப்பா ஜாடை" என்றார்.

அத்தானுக்குத் தலையில் முடி இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

அந்த வார விடுமுறையில், நானே தூக்கிப் பார்த்தால்தான் ஆயிற்று என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். அத்தான் வகுப்புக்குக் கிளம்பிப் போயிருந்தார். இந்த நிலைமையில் எதையும் தூக்கக் கூடாது என்று கிலோ எவ்வளவோ சொன்னான்.

"ஒரே ஒரு வளைவு வரைக்கும். நாலுலேர்ந்து மூணுக்கு. அவ்வளவுதான்."

"அதுக்கும் வேணாங்கா."

"நாளைக்கு நீயாடா வந்து தூக்கப் போற? நகரு."

கிலோ அவளுக்கு முன்னால், பின்பக்கமாகவே நடந்து படியிறங்கினான். கோல் போஸ்ட்டில் நிற்பவனைப் போல இரண்டு கையையும் விரித்திருந்தான். அக்கா இடது கையால் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் சீட்டைத் தொங்கவிட்டபடி வந்தாள். முதல் சில படிகள் நன்றாகத்தான் போயின. "பரவாயில்லைடா, லேசாதான் இருக்கு" என்று சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விரிவதை கிலோ பார்த்தான்.

சீட்டு கையிலிருந்து நழுவிப் படியில் இடித்து, சாய்ந்து, கிலோவின் நெஞ்சில் வந்து மோதி நின்றது. பூசணிக்காய் உள்ளேயே இருந்தது.

"பெல்ட் நல்லா பிடிச்சிருக்குக்கா" என்றான் கிலோ. அந்த நேரத்தில் அவன் வாயில் வந்தது அதுதான்.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டை மடியில் வைத்துத் தேய்த்தாள். சாய்ந்து கிடந்த பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழுதிருந்தால் அவனுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"இன்னும் லேசா ஒண்ணு இருக்கும்கா. வேற கடையில பாக்கறேன்."

"சீட்டு கனமில்லைடா" என்றாள் அக்கா. "பூசணிக்காய்தான் கனம். பெட்டி மேல பழி போடாதீங்கன்னு கவுண்டர்ல உக்காந்து ஊருக்கெல்லாம் சொல்லுவியே, நீ என்ன பண்ணி வெச்சிருக்க? சீட்டோட எடையைக் குறைச்ச. குழந்தையோட எடையை எப்படிடா குறைப்ப? இதுவாவது மூணு கிலோ. ஆறு மாசம் கழிச்சு இந்தக் கை என்ன பண்ணும்?"

கிலோ ஆறு மாதம் கழித்து என்பதை யோசிக்கவே இல்லை. அவன் தொழிலில் அது வராது. பார்சல் வளராது.

"என்ன கை?" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

அத்தான். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனவர், காரை முனையில் நிறுத்திவிட்டு மேலே வந்துகொண்டிருந்தார். மூன்றாவது மாடி வளைவில் நின்றுவிட்டார்.

அவர் மேலே வந்து அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஸ்கூல் படிக்கறப்பலேர்ந்து."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கிட்ட சொல்லலை."

"சொன்னா நீங்க விட மாட்டீங்க" என்றாள் அக்கா. "நான் எதைத் தொட்டாலும் பக்கத்துல உக்காந்து பிரேக் போடுவீங்க."

அப்போதும் அத்தானின் வலது கால் படியை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அவரே அதைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியையும் மறந்துவிட்டு, பூசணிக்காயோடு சீட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கார்க்கதவு அடிபடும் சத்தம் கேட்டது.

கோபம் வந்தால் அத்தானுக்குக் கத்தத் தெரியாது. வருத்தம் வந்தால் மன்னிப்புக் கேட்கவும் தெரியாது. இரண்டும் சேர்ந்து வந்தால் எதையாவது இறுக்கித்தான் அவருக்குப் பழக்கம். அன்றைக்கு அவர் கையில் கிடைத்தது கார் சீட்டு. அதைப் பின் சீட்டில் வைத்து, முழங்காலால் அழுத்தி, பெல்ட்டை இழுத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தி, இன்னும் கொஞ்சம் இழுத்து, தன் மனசில் இருந்ததையெல்லாம் அந்த பெல்ட்டில் காட்டிவிட்டார்.

மறுநாள் கிலோவுக்கு போன் வந்தது.

"மாப்ள, சீட்டு வர மாட்டேங்குது."

"எங்க வர மாட்டேங்குது?"

"கழட்ட வரலை. ஆட்டினா கார்தான் ஆடுது. நீ வந்து பாரு, நீதான் படிச்சவன். இங்க கிளாஸுக்கு ஆள் வந்து நிக்கறாங்க."

வந்து நின்றவர் ஒரு பல் டாக்டரம்மா. மாஸ்டரின் மாணவர்களிலேயே அவர்தான் பெரிய சோதனை. பிரேக்கை அவர் மிதித்தால், வேரோடு வராத பல்லைப் பிடுங்குவது போல மிதிப்பார். அவருடைய வகுப்பு முடிந்ததும் அத்தான் கழுத்துக்குத் தைலம் தடவிக்கொள்வது வழக்கம்.

டாக்டரம்மா ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைச் சரி செய்தார். கண்ணாடியில் ஒரு நீலச் சீட்டின் முதுகு தெரிந்தது. சீட்டு பின்பக்கம் பார்த்திருந்ததால் உள்ளே இருப்பது தெரியவில்லை. ஓரத்தில் துண்டின் நுனி மட்டும் தெரிந்தது.

"மாஸ்டர், பின்னாடி..." என்றார் குரலைத் தாழ்த்தி.

"அங்க ஒண்ணுமில்லைங்க. நீங்க வண்டியை எடுங்க."

"தூங்குதா?"

அத்தானுக்கு இருந்த மனநிலையில் விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "ம்" என்றார்.

அன்றைக்கு டாக்டரம்மா கார் ஓட்டவில்லை, தாலாட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். கியர் மாறியதே தெரியவில்லை. வேகத்தடை வந்தபோது, வண்டி அதைக் கேட்டுக்கொண்டு ஏறி, நன்றி சொல்லிக்கொண்டு இறங்கியது. சிக்னலில் பின்னால் இருந்து ஹாரன் அடித்தவனை ஜன்னலைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். அவன் வாழ்க்கையில் இனி ஹாரன் அடிப்பானா என்பது சந்தேகம். முழு வகுப்பிலும் அத்தானின் கால் அவர் பிரேக்கைத் தொடவில்லை.

முடித்துவிட்டு இறங்கி, ஆசையாகப் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார் டாக்டரம்மா. துண்டை விலக்கி, மறுபடி மூடினார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க."

"அடுத்த கிளாஸுக்கும் இது இருக்கட்டும்."

சாயங்காலம் அத்தான் காரைத் தெருமுனையில் நிறுத்தினார். கிலோ கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு பின் சீட்டில் பாதி உடம்பை நுழைத்திருந்தான். பெல்ட் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அத்தான் கால்மாட்டில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அக்கா கம்பியைப் பிடித்தபடி நான்கு மாடி இறங்கி வந்துவிட்டாள். இரண்டாம் மாடி அம்மாவும் அவளோடு துணைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

"முதல்ல அதை வெளிய எடுடா. உள்ள ஆளை வெச்சுக்கிட்டு எப்படிக் கழட்டுவ?" என்றாள் அக்கா.

கிலோ பூசணிக்காயை எடுத்தான். வைக்க இடமில்லை. "கொஞ்சம் பிடிக்கா" என்று யோசிக்காமல் அவளிடம் நீட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே நுழைந்தான். அவளும் யோசிக்காமல் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள்.

அப்புறம் பேச்சு வளர்ந்தது. முழங்காலை வைத்து அழுத்தச் சொல்லி யார் சொன்னது என்று அக்கா கேட்டாள். கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார் அத்தான். இல்லை, லேசாக என்று போட்டிருக்கிறது என்றது காருக்குள்ளிருந்து கிலோவின் குரல். நேற்று மூக்குக் கண்ணாடி இல்லாமல் எப்படிப் படிப்பது என்றார் அத்தான். கண்ணாடியைப் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றாள் அக்கா. எடுக்க வந்த இடத்தில்தான் ஏதேதோ தெரிய வந்ததே என்றார் அத்தான். அப்படியே சண்டை பழைய விஷயங்களுக்குப் போய், கல்யாண ஆல்பம் வரை போய்த் திரும்பி வந்தது.

"ஏம்மா, கனமா இல்லை? எவ்வளவு நேரமா வெச்சிருக்க, இறக்கி வையேன்" என்றார் இரண்டாம் மாடி அம்மா.

அக்கா குனிந்து பார்த்தாள். பூசணிக்காய் அவள் மார்பில் சாய்ந்து சுகமாக இருந்தது. அவள் வலது கையை மெல்ல எடுத்தாள். இடது கை மட்டுமே அதை அணைத்துக்கொண்டது. விழவில்லை. வலது கையை விரித்து மடக்கிப் பார்த்தாள்.

"வலிக்கலை" என்றாள்.

கிலோ காரை விட்டு வெளியே வந்தான். தலை கதவில் இடித்தது, அதை அவன் கவனிக்கவில்லை. ஒரு பாரத்தைக் கைப்பிடியில் பிடித்து ஒரு பக்கமாகத் தொங்கவிடுவது வேறு, உடம்போடு சேர்த்துப் பிடிப்பது வேறு. கல்லூரியில் முதல் வருஷப் பாடம். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். அந்தப் படத்தில் கை இருந்தது. அந்தக் கை அக்காவுடையதாகவும் இருக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"அக்கா, சீட்டு மேல வரவே வேண்டாம்" என்றான். "அது கார்லயே இருக்கட்டும். நீ குழந்தையை மட்டும் இடது கையில அணைச்சுக்கிட்டு, வலது கையால கம்பியைத் தொட்டுக்கிட்டு வா."

"படியில நான் முன்னாடி இறங்கறேன்" என்றார் இரண்டாம் மாடி அம்மா. கேட்காமலே.

"கிளாஸ் எடுக்கற வண்டியாச்சே, பரவாயில்லையா?" என்று அக்கா கணவரைப் பார்த்தாள்.

அத்தான் டாக்டரம்மாவை நினைத்தார். பல நாளைக்குப் பிறகு வலிக்காத தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றார். "பிரேக் போட ஆள் வேண்டியதில்லை."

அக்கா பூசணிக்காயை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு மாடியேறினாள். அவரும் "பார்த்து, மெதுவா, கம்பியைப் பிடி" என்றெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று உடன் வந்த எல்லோருக்கும் தெரிந்தது.

முதல் மாடி வந்தபோதுதான் கிலோவுக்கு உறைத்தது. "அத்தான், சீட்டை யாரும் தூக்கப் போறதில்லைன்னா, அந்த மெத்துனு இருந்த சாம்பல் கலரையே வாங்கியிருக்கலாமே."

"மாத்திக்கலாம் மாப்ள, இன்னும் வாரம் முடியலை. நீ கழட்டிட்டா."

இன்றுவரை கழற்றவில்லை.

குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் குடும்பம் முழுக்க கிலோவைச் சூழ்ந்துகொண்டது. நர்ஸ் எடை பார்ப்பதற்கு முன்னால் அவன் தூக்கிச் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. துணியில் சுற்றிய குழந்தையை அவன் கையில் வைத்தார்கள். பெண் குழந்தை. அவன் வழக்கம் போலக் கண்ணை மூடினான். உடனே திறந்துவிட்டான். மறுபடி மூடப் பார்த்தான், முடியவில்லை. அது கொட்டாவி விட்டது.

"எவ்வளவு மாப்ள?"

"அஞ்சு கிலோ" என்றான் கிலோ.

தராசில் மூன்று கிலோகூட முழுசாக இல்லை. செய்தி எப்படியோ பார்சல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து அவனோடு பந்தயம் கட்ட வரிசை நின்றது.

வீட்டுக்கு வந்த அன்று குழந்தை நீலச் சீட்டில் பின்பக்கம் பார்த்தபடி வந்தது. அத்தான் ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திக்கொண்டு போனார். தெருமுனையில் அக்கா குழந்தையை இடது கையில் அணைத்துக்கொண்டு இறங்கினாள். வலது கை கம்பியைத் தொட்டுக்கொண்டு படியேறியது. இரண்டாம் மாடி அம்மா படியிலேயே காத்திருந்தார். துணியை விலக்கிப் பார்த்தார். இந்தத் தடவை ஒரே பார்வை போதுமானதாக இருந்தது.

"இது அம்மா ஜாடை" என்றார். பிறகு அக்காவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பெரியவன் எங்க?"

பெரியவன் காரில், முன் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனை வெட்டிச் சமைக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. மறுநாள் காலையில் அவனுக்கு டாக்டரம்மாவின் வகுப்பும் இருந்தது.

"அவனையும் தூக்கிட்டு வாடா" என்றாள் அக்கா. "வெயில்ல விட்டுட்டு வந்தா கோவிச்சுக்குவான்."

கிலோ திரும்பி இறங்கினான். பூசணிக்காயை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து மேலே ஏறினான்.